வேடம் கட்டும் முன் காபிக் கொட்டை வறுக்கப் பழகுங்கள்

கேள்வி கேட்டவர் பென்சில்வேனியாவில் இருக்கிறார். அவருடைய ஊர் வரலாற்றுச் சங்கம் வரும் ஜூலையில் இரண்டு நாள் 'லிவிங் ஹிஸ்டரி' நிகழ்ச்சி நடத்துகிறது. காலம் அமெரிக்க உள்நாட்டுப் போர், அதாவது அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் லிங்கனின் வடக்குக்கும் நடந்த போர். வருஷம் 1863, கெட்டிஸ்பர்க் சண்டை நடந்த நாட்கள். அந்தக் காலத்து மனிதர்களாக உடை உடுத்தி, பார்க்க வருகிறவர்களிடம் பேச ஊர்க்காரர்களிலிருந்தே தன்னார்வலர்களைத் தேடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இவரையும் மனைவியையும் உள்ளே இழுத்துவிட்டார். வசனம் மனப்பாடம் செய்ய வேண்டுமா, நடிப்பே தெரியாதவர்களுக்கு இது சரிப்படுமா, லிங்கன் மாதிரி பெரிய பாத்திரம் கேட்டால் தருவார்களா, எங்கள் நிறத்துக்கு அங்கே என்ன வேலை, செலவு எவ்வளவு ஆகும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

நான் பதினோரு கோடையாக இந்த வேலையைச் செய்கிறேன். வார நாட்களில் கணினி, சில வார இறுதிகளில் கம்பளிக் கோட்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வசனம் கிடையாது. முதலில் இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி பயம் போய்விடும், மீதிப் பாதி புதிதாக வந்து சேரும். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் தலைப்பாகை கட்டி, புருவ மையால் மீசை வரைந்து, பாரதியாராக இரண்டு வரி சொல்லிக் கைதட்டு வாங்கி இறங்கிவிடுவோமே, அந்த வசதி இங்கே இல்லை. காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை நிற்க வேண்டும். மேடை இல்லை, திரை இல்லை. எதிரே வருகிறவர் என்ன கேட்பார் என்று யாருக்கும் தெரியாது.

நான் முதல் வருஷம் எப்படி மாட்டிக்கொண்டேன் என்று சொல்கிறேன். வடக்குப் படையின் உணவுக் கிடங்கில் கணக்கு எழுதுகிற ஆளாக என்னை நிறுத்தினார்கள். நான் ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்திருந்தேன். எந்தப் படைப்பிரிவு எந்த மேட்டில் நின்றது, எந்த ஜெனரலுக்கும் எந்த ஜெனரலுக்கும் ஆகாது, எல்லாம் விரல் நுனியில். எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். "இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றான். திருதிருவென்று விழித்தேன். அவனுடைய அப்பா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "இந்தச் சண்டை இன்னும் எத்தனை நாள் ஓடும்?" என்று கேட்டார். அது தெரிந்த கேள்வி ஆச்சே! "1865 ஏப்ரல் வரைக்கும்" என்று பளிச்சென்று சொன்னேன். பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த எங்கள் குழுப் பெரியவர் தலையைத் திருப்பாமலே, "அப்படியே யார் ஜெயிப்பார்கள் என்றும் சொல்லிவிடு, நான் போய்த் தங்கம் வாங்கிப் போடுகிறேன்" என்றார். போர்ச் செய்திக்கு ஏற்பக் காகித டாலரின் மதிப்பு ஏறி இறங்க, அதை வைத்துத் தங்கத்தில் சூதாடிய காலம் அது. அது தெரிந்தவர்களுக்கு அந்தக் கிண்டல் இன்னும் நன்றாக இனிக்கும்.

அன்றைக்கு விழுந்த அடியில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் புரிந்தது. அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்பதைப் படிப்பது சுலபம். அவருக்கு என்ன தெரியாது என்பதைப் படிப்பதுதான் கஷ்டம். நீங்கள் 1863 ஜூலை 3 மாலையில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். மறுநாள் இரவு தெற்குத் தளபதி லீயின் படை பின்வாங்கப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பர்க் கோட்டை அதே ஜூலை 4-ஆம் தேதி சரணடையப் போவதும் தெரியாது. நவம்பரில் லிங்கன் இதே ஊருக்கு வந்து இரண்டு நிமிஷம் பேசுவார், அந்தப் பேச்சைக் குழந்தைகள் மனப்பாடம் செய்வார்கள் என்பதும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று நாளாகக் காது அடைத்திருக்கிறது, பூட்ஸ் கிழிந்திருக்கிறது, தண்ணீர் கிடைக்கிற கிணறு எங்கே இருக்கிறது என்பதுதான்.

இதை அறுவை மருத்துவர் வேடம் போடுகிறவரிடம் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் ஒருவர் நன்றாகச் செய்வார். மேஜையில் ரம்பம், கத்தி, குளோரோஃபார்ம் குப்பி. ஒரு காலை எடுத்த கத்தியை ரத்தக் கறை படிந்த மேலங்கியில் துடைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். கூட்டத்தில் யாராவது ஒரு நர்ஸ் இருப்பார், பொறுக்க முடியாமல் "கத்தியைக் கழுவ மாட்டீர்களா?" என்பார். "துடைத்தாயிற்றே அம்மா" என்று அவர் நிஜமாகவே புரியாமல் பார்ப்பார். அந்த முகம்தான் பாத்திரம். கிருமியைப் பற்றி லிஸ்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தம் முடிவுகளை வெளியிட்டது 1867-ல். நாலு வருஷம் கழித்து வரப்போகும் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? காயத்தில் சீழ் வைத்தால் ஆறுகிறது என்றே அன்று நம்பினார்கள். அதே சமயம், மயக்க மருந்து இல்லாமல் குண்டைக் கடிக்கவைத்துக் காலை அறுத்தார்கள் என்று சினிமாவில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அவர் குளோரோஃபார்ம் குப்பியைக் காட்டுவார். பெரும்பாலான அறுவைகள் மயக்க மருந்து கொடுத்துத்தான் நடந்தன. அறியாமை எது, கட்டுக்கதை எது என்று பிரித்துக் காட்ட அவருக்கு ஐந்து நிமிஷம் போதும்.

எந்நேரமும் அந்த ஆளாகவே இருக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இரண்டு வழி உண்டு. 'நான்' என்று பேசுவதை ஃபர்ஸ்ட் பெர்சன் என்கிறார்கள். 'அவர்கள் இப்படிச் செய்தார்கள்' என்று, அந்தக் கால உடையில் இருந்துகொண்டே இந்தக் காலத்து ஆளாகப் பேசுவது தேர்டு பெர்சன். மாசசூசெட்ஸில் பிளிமத் குடியேற்றத்தை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்களே, அங்கே ஆங்கிலேயர் கிராமத்தில் நிற்கிறவர்கள் 1620-களை விட்டு வெளியே வரவே மாட்டார்கள். கேமராவைக் காட்டினால்கூட அது என்ன பெட்டி என்பார்கள். ஆனால் அதே வளாகத்தில் வாம்பனோவாக் பழங்குடியினர் பகுதிக்குப் போனால், அங்கே இருப்பவர்கள் பாத்திரம் ஏற்பதில்லை. முன்னோர் உடையில், இன்றைய மனிதர்களாக, இன்றைய மொழியில் பேசுகிறார்கள். 'செத்துப்போன ஒரு ஜனத்தை நடித்துக் காட்டவில்லை, நாங்கள் இன்னும் இருக்கிறோம்' என்பதை இதைவிட நன்றாக எப்படிச் சொல்வது?

நம் ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். தெருக்கூத்தில் ராஜா ராஜாவாகவே நிற்பார். கட்டியங்காரன் மட்டும் ராஜாவின் சபையிலும் இருப்பான், முன்வரிசையில் தூங்குகிற ஊர்ப் பெரியவரையும் கிண்டல் செய்வான். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது கட்டியங்காரன் வழி. முதல் இரண்டு வருஷம் தேர்டு பெர்சனிலேயே இருங்கள். நிறையக் குழுக்கள் இப்போது இரண்டையும் கலந்துதான் செய்கின்றன. தூய ஃபர்ஸ்ட் பெர்சன் கேட்க அழகாக இருக்கும், ஆனால் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பாட்டி வந்து கழிவறை எங்கே என்று கேட்கும்போது 1863-லேயே உட்கார்ந்திருப்பது முட்டாள்தனம். குழந்தை தொலைந்தாலோ, யாராவது வெயிலில் மயங்கினாலோ, நெருப்பு பிடித்தாலோ அந்த நொடியே பாத்திரத்தை உதறிவிட வேண்டும் என்பது எல்லாக் குழுவிலும் எழுதாத சட்டம்.

சரி, லிங்கன். வேண்டாம். உயரம் 6 அடி 4 அங்குலம் என்பது ஒரு பக்கம். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் தலைக்குள் ஒரு லிங்கனைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். கோயில் மணி மாதிரிக் கனத்த குரலை எதிர்பார்ப்பார்கள். கேட்டவர்கள் எழுதிவைத்தபடி அவருக்கு மெல்லிய, கீச்சென்று ஏறுகிற குரல். சரியாகப் பேசினால் 'இது லிங்கன் மாதிரியே இல்லை' என்பார்கள், தப்பாகப் பேசினால் பாராட்டுவார்கள். அந்த வம்பு நமக்கு எதற்கு? அதோடு ஜெனரல், ஜனாதிபதி வேடத்துக்கு வெளியே நிற்கிற கூட்டம் பெரிது. இருபது பேர் முகாமில் எட்டு ஜெனரல்கள் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கொண்டுவர ஒரு ஆள் இல்லை!

சின்ன ஆளாக இருங்கள். கெட்டிஸ்பர்க் அன்று ஏறக்குறைய 2,400 பேர் வாழ்ந்த ஊர். சண்டை முடிந்தபோது காயம்பட்டவர்கள் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் அங்கே கிடந்தார்கள். தேவாலயம், பள்ளிக்கூடம், மாட்டுத் தொழுவம், வீட்டுக் கூடம் எல்லாமே ஆஸ்பத்திரி. அந்த 2,400 பேரில் யாரை எடுத்தாலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஜென்னி வேட் என்ற இருபது வயதுப் பெண், ஜூலை 3 காலை, பிரசவமாகிச் சில நாளே ஆன தன் அக்கா வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கதவைத் துளைத்துக்கொண்டு வந்த குண்டு பட்டு இறந்தாள். சண்டையில் நேரடியாகக் கொல்லப்பட்ட ஒரே ஊர்க்காரர் அவள்தான். மாவு பிசைகிற ஒரு பெண், பக்கத்தில் எரிகிற அடுப்பு. மூன்று நாள் சண்டையைச் சொல்லிவிட அது போதும்.

உங்கள் மனைவிக்கு நான் சொல்வது கட்டுத்துணி வேலை. பழைய லினன் விரிப்பைக் கிழித்துக் கட்டாகச் சுருட்டுவது, மிச்சத் துண்டைக் கத்தியால் சுரண்டிப் பஞ்சு மாதிரி எடுப்பது. காயத்தில் வைக்க அன்று ஊர்ப் பெண்கள் மூட்டை மூட்டையாக அப்படிச் சுரண்டினார்கள். இந்த வேலையில் ஒரு சௌகரியம், கை ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா நிற்கிற ஆளிடம் யாரும் பேச வரமாட்டார்கள். உடுப்புப் போட்ட பொம்மை என்று படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கை எதையாவது செய்துகொண்டிருந்தால் தானாக வந்து குனிந்து பார்ப்பார்கள். 'நீங்களும் கொஞ்சம் சுரண்டுகிறீர்களா?' என்று ஒரு துண்டை நீட்டினால் போதும், பத்து நிமிஷம் நகர மாட்டார்கள்.

எனக்குக் கிடைத்த வேலை காபி. வருஷங்கள் போகப் போகக் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்பு பக்கம் போய்விட்டேன். வடக்குச் சிப்பாய்களுக்குக் காபி என்றால் உயிர். நூறு பேருக்கு ஒரு நாளைக்குப் பத்து பவுண்டு பச்சைக் கொட்டை என்பது அரசாங்க அளவு. அதை வாணலியில் வறுத்து, துப்பாக்கிக் கட்டையாலோ கல்லாலோ இடித்து, தகரக் குவளையில் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். தெற்கே துறைமுகங்களைக் கப்பற்படை அடைத்திருந்ததால் காபி கிடைக்கவில்லை. சிக்கரி, வறுத்த ரை தானியம், ஓக் மரக் கொட்டை என்று எதை எதையோ கொதிக்கவைத்தார்கள். காவல் நேரத்தில் அதிகாரி பார்க்காதபோது இந்தப் பக்கத்துக் காபியும் அந்தப் பக்கத்துப் புகையிலையும் கை மாறியதுண்டு. கும்பகோணத்தான் ஒருவன் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு சிக்கரியைத் திட்டிப் பேசுவதில் இருக்கிற வேடிக்கை எனக்கு மட்டும்தான் தெரியும்.

காபி வறுக்கும்போது வருகிற வாசனைக்கு முப்பது அடி தள்ளி நடப்பவர்களும் திரும்புவார்கள். கொட்டை முதலில் பச்சையாக வைக்கோல் வாசம் அடிக்கும், அப்புறம் ரொட்டி வாசம், அப்புறம் பட்பட்டென்று வெடிக்கும். அந்தச் சத்தம் வருகிற நேரம் பார்த்து, சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர் என்று ஆரம்பிப்பேன். கையில் ஒரு ஹார்ட்டாக் துண்டைக் கொடுப்பேன். மாவும் தண்ணீரும் உப்பும் சேர்த்துச் சுட்ட, சுவரில் அடித்தாலும் உடையாத பிஸ்கட். சிப்பாய்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'பல் மழுக்கி', அதாவது வண்டு வைக்காமல் இருந்தால். 'புழுக் கோட்டை' என்பது வண்டு வைத்த பிறகு. உடனே காபியில் முக்கிப் பார்க்கச் சொல்வேன். கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பும். 'இந்த நெருப்பு நிஜமா?' என்ற கேள்வி தினம் ஒரு தடவையாவது வரும். கோபப்படாதீர்கள். இவ்வளவு நேரம் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவர், பாவம், வேறு என்ன கேட்பார்? 'அந்த உடுப்பில் வேர்க்கவில்லையா?' என்பது அடுத்தது. வேர்க்கும்.

உடுப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலியெஸ்டர் கூடவே கூடாது. பார்வைக்கு அசலாக இருக்கிறதா என்பது அப்புறம். நெருப்புப் பக்கத்தில் நிற்கப் போகிறீர்கள். கம்பளியில் பொறி விழுந்தால் கருகி நின்றுவிடும், பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். பெரிய வளையப் பாவாடை பார்க்க ஜோர், அடுப்படியில் யமன். வேலை செய்கிற பெண்கள் அன்றும் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சமைத்தார்கள். கைக்கடிகாரம் கழற்றுங்கள். மூக்குக்கண்ணாடி இன்றியமையாதது என்றால், நீள்வட்டக் கம்பிச் சட்டம் வாங்கி உங்கள் பவரில் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்தேன். தாலி கழுத்துப்பட்டிக்குள் போய்விடும், பிரச்னையில்லை. ஆனால் ஜூலையில் உறவுக்காரர் கல்யாணம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஒரு தடவை முழங்கை வரை மருதாணியோடு வந்து, இரண்டு நாளும் 1863-ஐ விட்டுவிட்டு மருதாணியைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அளவுக்கு மீறி நூல் எண்ணிக்கை வரை பார்க்கிற ஆட்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. தையல் இயந்திரம் 1850-களிலேயே வந்தாயிற்று என்றாலும் பொத்தான் துளையைக் கையால்தான் தைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். சரியில்லாத உடுப்புக்கு 'ஃபார்ப்' என்று ஒரு வசைச்சொல் வைத்திருக்கிறார்கள். முதல் வருஷம் உங்களை யாராவது அப்படிச் சொன்னால் சிரித்துக்கொண்டே, எங்கே தப்பு என்று கேளுங்கள். அவர்களுக்கு அதைச் சொல்வதில் இருக்கிற சந்தோஷத்தில், மிச்ச துணியும் கொடுத்துத் தைத்தும் காட்டுவார்கள்.

இப்போது நிறம். நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருப்பதால் நான் தயங்காமல் சொல்கிறேன். கெட்டிஸ்பர்க்கில் ஆசிய முகமே இல்லை என்று யாராவது சொன்னால், ஜோசப் பியர்ஸ் என்று பதில் சொல்லுங்கள். சீனாவில் பிறந்தவர், கனெக்டிகட் 14-ஆம் படைப்பிரிவில் சிப்பாய், அந்தச் சண்டையில் நின்றவர், அதே வருஷக் கடைசியில் கார்ப்பொரல் ஆனார். அவர் நம் ஆள் இல்லைதான். நம் பக்கத்து மனிதர் அமெரிக்காவில் கால் வைத்த செய்தி அதற்கும் முந்தியது. மாசசூசெட்ஸின் சேலம் துறைமுகத்தில் வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் 1790 டிசம்பர் கடைசியில் தம் நாட்குறிப்பில், மதராஸிலிருந்து வந்த ஒருவரை முதன்முதலாகப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். கறுத்த நிறம், நீண்ட கருமுடி, நல்ல உயரம். பெயர் எழுதாமல் விட்டுவிட்டார். எனக்கு அந்தப் பாதிரியார் மேல் இன்னும் கோபம் உண்டு. மதராஸ் கட்டம் போட்ட கைக்குட்டையும் அமெரிக்கத் தெற்கு வரை போனதுதான். அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்கள் தலையில் கட்டிய அந்தத் துணிக்கு, அசலோ போலியோ, 'மதராஸ்' என்றே பெயர்.

இதையெல்லாம் சொல்வது, 'நானும் ஓஹையோவில் பிறந்த 1863-ஆம் வருஷத்து ஆள்தான்' என்று நீங்கள் சாதிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. நான் அப்படிச் சொல்வதில்லை. கட்டியங்காரன் வழியில் அந்தத் தொல்லையே கிடையாது. காபி வறுக்க யாரும் பிறப்புச் சான்று கேட்பதில்லை. ஆனால் குழுவுக்குக் குழு மனசு மாறும், அதையும் மறைக்க மாட்டேன். சேர்வதற்கு முன் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

'நீ இங்கே பொருந்தமாட்டாய்' என்ற பேச்சுக்கு ஒரு நல்ல வழக்கே இருக்கிறது. 1989-ல் மேரிலாந்தின் ஆன்டீட்டம் போர்க்களப் பூங்காவில் லாரன் குக் பர்ஜெஸ் என்ற பெண் சிப்பாய் உடுப்பில் நின்றார். பெண்கள் கழிவறையிலிருந்து வெளியே வந்தபோது கண்டுபிடித்துவிட்டார்கள். பெண் சிப்பாயாக நிற்பது வரலாற்றுக்கு ஒவ்வாது என்று தடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டு 1993-ல் ஜெயித்தார். வரலாறும் அவர் பக்கம்தான் இருந்தது. சில நூறு பெண்கள் ஆண் பெயரில் அந்தப் போரில் சண்டை போட்டிருக்கிறார்கள். சாரா ரொசெட்டா வேக்மன் என்ற பண்ணைவீட்டுப் பெண் 'லயன்ஸ் வேக்மன்' என்று நியூயார்க் 153-ஆம் படைப்பிரிவில் சேர்ந்து, 1864-ல் நியூ ஆர்லியன்ஸ் ராணுவ மருத்துவமனையில் வயிற்றுப்போக்கில் இறந்தார். ஆண் பெயரிலேயே அங்கே புதைக்கப்பட்டார்.

ஒன்றை மட்டும் கட்டளையாகவே சொல்கிறேன். யாருக்காகவும் முகத்தில் சாயம் பூசாதீர்கள். 'உங்கள் நிறத்துக்கு அடிமை வேடம் பொருந்தும்' என்று ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும், மரியாதையாக மறுத்துவிடுங்கள். அந்தப் பாத்திரம் விளையாட்டுக் காரியம் இல்லை. 1994 அக்டோபரில் வர்ஜீனியாவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற வரலாற்று அருங்காட்சியக ஊரில் அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்டினார்கள். அங்கே கறுப்பின வரலாற்றுப் பிரிவை நடத்திய கிறிஸ்டி கோல்மன் முன்னின்று செய்தது. வலியை வேடிக்கையாக்குகிறார்கள் என்று எதிர்ப்புக் கூட்டம் திரண்டது. பார்த்த பிறகு, எதிர்த்தவர்களில் ஒருவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஆனாலும் வில்லியம்ஸ்பர்க் அதை வருஷாந்திர நிகழ்ச்சி ஆக்கவில்லை. வாழ்நாள் முழுக்க இதையே படித்தவர்கள், அந்தச் சந்ததியில் வந்தவர்கள், அவ்வளவு யோசித்து இறங்கிய இடம் அது. சனிக்கிழமைத் தன்னார்வலர் கால் வைக்கிற இடம் இல்லை.

அதற்காக அந்தக் கதையை யாரும் சொல்லாமல் விடுவதும் சரியில்லை. கெட்டிஸ்பர்க்கில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் இருந்தன. லீயின் படை வருகிறது என்றதும் ஓடினார்கள். அகப்பட்டவர்களைத் தெற்குப் படை பிடித்து அடிமைகளாகக் கொண்டுபோனது. பேசில் பிக்ஸ் என்ற கறுப்பின விவசாயி திரும்பி வந்தபோது அவருடைய வீடு ஆஸ்பத்திரி, வயலெல்லாம் புதைகுழி. அப்புறம் வடக்குச் சிப்பாய்களின் உடல்களைத் தோண்டியெடுத்துத் தேசியக் கல்லறைக்கு மாற்றும் வேலையை அவரும் அவர் ஆட்களும்தான் செய்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள். லிங்கன் நின்று பேசிய மண் அது. இதைச் சொல்லப் பாத்திரமாக வேண்டியதில்லை. காபி அடுப்பு முன் நின்று, 'அவர்கள்' என்று சொன்னாலே கூட்டம் அமைதியாகிவிடும். நான் தினம் ஒரு தடவையாவது சொல்கிறேன்.

துப்பாக்கி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போன இடத்தில் ஆசை வரும். நாலு கிலோ எடை, ஒன்பது அசைவில் மருந்து கெட்டிக்கிற 1861 ஸ்பிரிங்ஃபீல்டு. முதல் வருஷம் தொடாதீர்கள். குண்டு போடுவதில்லை, கெட்டிக்கிற கம்பியைக் களத்தில் உருவுவதும் இல்லை, தலைக்கு மேலேதான் குறி. இருந்தாலும் கருமருந்து கருமருந்துதான். சுடும் நிகழ்ச்சிக்கு முன் வரிசையில் நிறுத்திக் குழாய்க்குள் கம்பியை மேலிருந்து விடச் சொல்வார்கள். டிங் என்று கணீரென ஒலித்தால் உள்ளே ஒன்றுமில்லை. தொப்பென்று விழுந்தால் அந்த ஆளை வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். நாற்பது துப்பாக்கி வரிசையாக டிங், டிங், டிங் என்று போவதைக் கேட்பதே ஒரு சுகம்.

இன்னொன்று. உங்கள் நிகழ்ச்சியில் இரண்டு பக்கமும் சுட்டுச் செத்து விழுகிற சண்டைக் காட்சி இருந்தால், அது நிச்சயம் தனியார் நிலத்தில்தான் நடக்கும். தேசியப் பூங்காத் துறை தன் போர்க்களங்களில் முகாம் போடலாம், சுட்டுக் காட்டலாம் என்கிறது, ஆனால் எதிரெதிரே நின்று சாவதாக நடிக்க விடுவதில்லை. நிஜமாகச் செத்தவர்கள் விழுந்த மண்ணில் விழுந்து எழுந்து உடுப்பைத் தட்டிக்கொள்வது எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் அதே சண்டையில் நின்ற கிழவர்களே 1913-ல், ஐம்பதாம் ஆண்டில், அதே மைதானத்தில் கைத்தடியோடு நடந்துபோய், அன்று சண்டை நடந்த கல்சுவரின் இரண்டு பக்கமும் நின்று கைகுலுக்கினார்கள். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடிய அந்த முகாமில் தாங்களே தங்களுக்கு வேடம் கட்டிக்கொண்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

செலவுக்கு வருவோம். சிப்பாய் உடுப்பும் துப்பாக்கியும் சொந்தமாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். வாங்காதீர்கள். ஊர்க்காரர் வேடத்துக்குப் பருத்திச் சட்டை, கம்பளிக் கால்சட்டை, வேஸ்ட், தொப்பி போதும். பெரும்பாலான குழுக்களில் புதியவர்களுக்கு இரவல் கொடுக்க ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் உங்கள் அளவுக்கு இல்லாமல் போவது எப்போதும் செருப்புதான், அதனால் செருப்பு அளவை இப்போதே சொல்லிவையுங்கள். கம்பளிக் காலுறை மட்டும் சொந்தமாக இருக்கட்டும், அடுத்தவர் காலுறை எந்த நூற்றாண்டிலும் நல்லதில்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள். கூடாரத்துக்குள் பழைய போர்வை மூடிய ஒரு மூட்டை இருக்கும். யாரும் சொல்லமாட்டார்கள், ஐஸ் பெட்டி அதுதான்.

இப்போதிலிருந்து ஜூலைக்குள் செய்ய வேண்டியது, ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் அந்த ஆள் காலையில் என்ன சாப்பிட்டார், பையில் எத்தனை காசு, கடைசிக் கடிதம் யாரிடமிருந்து, எது தெரியாது என்று ஒரு பக்கம் எழுதுவது. எழுதிவிட்டு அதை மனப்பாடம் செய்யாமல் மனைவியிடம் கொடுத்து, எட்டு வயதுப் பையன் மாதிரிக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் பச்சைக் காபிக் கொட்டை ஒரு பவுண்டு வாங்கி வறுத்துப் பாருங்கள். வீட்டுக்குள் வேண்டாம், புகை அலாரம் அலறும். கொல்லைப்புறத்தில் வையுங்கள், முதல் வெடிச் சத்தம் கேட்டு இரண்டு நிமிஷத்தில் இறக்கிவிடுங்கள். முதல் தடவை எல்லோருக்கும் கரிதான்.